முதல் மூன்று கிலோமீற்றர்

காற்றுப் போனாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயரைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போடலாமா? கண்டி வீதிகளை வைத்து ஒரு கணக்கு

கடுகண்ணாவை ஏற்றத்தில் டயர் காற்றுப் போனால் காரை ஒதுக்கி நிறுத்த இடமில்லை. ஒரு பக்கம் மலைச்சுவர். மறுபக்கம் பள்ளம். பின்னால் முதலாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் கொள்கலன் லொறி. அதை முந்துவதற்காக வளைவென்றும் பாராமல் நடுக்கோட்டைத் தாண்டி வரும் பஸ். அந்த இடத்தில் இறங்கி, ஜெக் வைத்து, சில்லு மாற்றுவது உயிரோடு விளையாடும் வேலை. பிலிமத்தலாவைப் பக்கத்துத் தட்டையான வீதி வரைக்கும் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்றுதான் அந்த நேரத்தில் எவரும் நினைப்பார்கள்.

அதற்கென்றே செய்த டயர்தான் ரன்ஃபிளாட். காற்று முழுதாக இறங்கிய பிறகும் ஓடும். கண்டியில் ஓடும் பி.எம்.டபிள்யூ., மினி கார்களில் பெரும்பாலானவை அந்த டயருடன்தான் இறங்கின. சில மெர்சிடிஸ் கார்களிலும் உண்டு. இவற்றில் ஏராளமானவை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முந்திய சில ஆண்டுகளில் வந்தவை. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் அதே கார்கள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. தொழிற்சாலையில் பூட்டிய டயர் எப்போதோ தேய்ந்துவிட்டது. இன்று அந்தக் காரை வைத்திருப்பவர் பெரும்பாலும் அதைப் புதிதாக வாங்கியவர் அல்ல; ஒரு வைத்தியர், ஒரு வியாபாரி, லீசிங்கில் எடுத்த ஓர் இளம் பொறியியலாளர். நாலு டயரின் விலையைக் கேட்டதும் அவர் முகம் மாறுகிறது. மறுபடியும் இதே ரகமா, அல்லது சாதாரண டயரா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் ஓடும் பெரும்பாலான கார்களுக்குச் சாதாரண டயரே பொருத்தம். ஆனால் டிக்கியில் உண்மையான ஸ்பேர் வீல் ஒன்று ஏற வேண்டும். அது ஏறாவிட்டால் டயரை மாற்றாமல் இருப்பதே மேல்.

சாதாரண டயரில் காரின் பாரத்தைச் சுமப்பது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. அது போனதும் பக்கச்சுவர் மடிந்து, ரிம்முக்கும் தாருக்கும் நடுவே நசுங்கி, கொஞ்சத் தூரத்திலேயே கிழிந்துவிடும். ரன்ஃபிளாட்டின் பக்கச்சுவருக்குள் வெப்பம் தாங்கும் தடித்த ரப்பர் பட்டை ஒன்றை வைத்திருக்கிறார்கள். காற்று இல்லாதபோது அந்தச் சுவரே பாரத்தைத் தாங்கி நிற்கும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் 80 கிலோமீற்றர் தூரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. காரில் ஆளும் சாமானும் கூடினாலோ வெயில் ஏறினாலோ அந்தத் தூரம் குறையும். ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும் ரப்பரில் சூடு ஏறிக்கொண்டே போவதுதான் காரணம்.

உங்கள் காரில் இருப்பது எது என்பதைப் பக்கச்சுவரைப் பார்த்தே அறியலாம். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்.எஃப்.டி., மிஷலின் என்றால் இசட்.பி., குட்இயர் என்றால் ஆர்.ஓ.எஃப்., கொண்டினென்டல் என்றால் எஸ்.எஸ்.ஆர். என்று அச்சிட்டிருக்கும். ஒரு சிறு நட்சத்திரமும் இருக்கலாம். அது பி.எம்.டபிள்யூ. அங்கீகரித்த டயர் என்பதற்கான குறி. ரன்ஃபிளாட் என்பதற்கான குறி அல்ல. பழைய கார் வாங்குபவர்கள் இந்த நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இந்த டயர் பிறந்த வீதிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்ஜ்ஸ்டோன் 1987இல் போர்ஷ 959 என்ற அதிவேகக் காருக்கு ரன்ஃபிளாட் செய்து கொடுத்தது. 2000களில் பி.எம்.டபிள்யூ. தன் சாதாரண மாடல்கள் பலவற்றுக்கும் அதைப் பரவலாகப் பூட்டத் தொடங்கியது. ஜேர்மனியின் நெடுஞ்சாலையில் நூற்றுக்கு மேல் பறக்கும் காருக்குத் திடீரெனக் காற்றுப் போனால், கட்டுப்பாடு இழக்காமல் அடுத்த வெளிவழி வரை போய்ச் சேர அது உதவும். ஸ்பேர் வீல் இல்லாததால் டிக்கியில் இடமும் மிஞ்சியது. அதே கம்பனி, ஓட்டத்தின் சுகத்துக்கென்றே செய்யும் எம் 3, எம் 5 வகைக் கார்களுக்கு மட்டும் சாதாரண டயரையே போட்டு வந்தது. கார் எப்படித் திரும்ப வேண்டும், வீதியை எப்படி உணர வேண்டும் என்பதில் மிகவும் கறாரான பொறியியலாளர்கள் எந்த டயரைத் தேர்ந்தார்கள் என்பதைக் கவனிக்காமல் விட முடியாது.

இனிக் கண்டிக்கு வருவோம். இங்கிருந்து 80 கிலோமீற்றர் என்றால் நுவரெலியா வரை போகலாம், தம்புள்ளை வரை போகலாம், பதினெட்டு வளைவும் இறங்கி மஹியங்கனை வரை போகலாம். கொழும்பு மட்டும் எட்டாது. ஆனால் காற்றுப் போன டயரோடு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை இங்கே யாருக்கு வருகிறது? கட்டுகஸ்தோட்டை, கட்டம்பே, பேராதனை, குண்டசாலை, அக்குறணை, கம்பளை என்று பெரிய சந்தி எதை எடுத்தாலும் டயர் கடை இருக்கிறது. முச்சக்கரவண்டிக்கும் லொறிக்கும் வேலை செய்யும் கடைகள் அவை, காருக்கும் செய்வார்கள். கண்டிக்காரருக்கு வேண்டியது முதல் மூன்று கிலோமீற்றர். வளைவைத் தாண்டி, வெளிச்சமுள்ள, அகலமான, ஆள் நடமாட்டமுள்ள ஓரிடத்துக்குப் போய்ச் சேரும் தூரம். மீதி 77 கிலோமீற்றருக்கும் நாம் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். விலையாக மட்டுமன்றி, ஒவ்வொரு குழியிலும் முதுகெலும்பிலும் கொடுக்கிறோம்.

தடித்த பக்கச்சுவர் குழியை விழுங்காது. அப்படியே ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் அனுப்பிவிடும். ஆரம்ப காலத்து ரன்ஃபிளாட்டில் இது மிக மோசம், இப்போதையவை எவ்வளவோ திருந்திவிட்டன என்பதும் உண்மைதான். ஆனால் நம் வீதிகளில் அந்தத் திருத்தம் போதவில்லை. மலைநாட்டில் டயரைக் கொல்வது ஆணி மட்டுமல்ல. எதிரே வரும் பஸ்ஸுக்கு இடம் விடும்போது இடது சில்லு தாரிலிருந்து இறங்கும் விளிம்பு இருக்கிறது; கொங்கிறீட் கான் ஓரத்தில் பக்கச்சுவர் உராயும் இடம் இருக்கிறது; மழை நிரப்பி மூடிய குழி இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மண்ணைச் சரித்துவிட்டுப் போன மலை வீதிகளில் ஓடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாழ்ந்த பக்கச்சுவரோடு 18, 19 அங்குல அலோய் ரிம் பூட்டிய கார் அப்படியொரு குழியில் இறங்கினால், டயரின் பக்கத்தில் முட்டைபோல ஒரு வீக்கம் கிளம்பும். உள்ளே நூலிழை அறுந்ததன் அடையாளம் அது. அதற்கு ஒட்டும் கிடையாது, மருந்தும் கிடையாது. அந்த டயர் முடிந்தது. சாதாரண டயருக்கும் இது நேரும். ஆனால் ஒரு டயருக்கான செலவு எவ்வளவு, அதே டயர் அன்றைக்கே கண்டியில் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளும் அங்கே வந்து நிற்கும்.

காற்றில்லாமல் ஓடிய ரன்ஃபிளாட்டை டயர் கடையில் கழற்றும்போது ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சாதாரண டயரைப் போல இரண்டு லீவரால் நெம்ப முடியாது. பக்கச்சுவர் அவ்வளவு விறைப்பு. துணைக்கை பொருத்திய மெஷின் வேண்டும். அது இல்லாத இடத்தில் பலவந்தம் செய்தால் டயரின் உதடு கிழியும், வால்வோடு சேர்ந்திருக்கும் காற்றழுத்த சென்சர் உடையும். மெதுவாக விளிம்பு விடுபட்டதும் உள்ளேயிருந்து ரப்பர்ப் பொடி கொட்டும். கையால் தடவினால் விரல் கறுக்கும். உட்சுவரில் வட்டமாக ஒரு தேய்ந்த கோடு ஓடியிருக்கும். வெளியே பார்த்தால் புதிதுபோல இருக்கும். மேலே பூவும் தேயாமல் இருக்கும். ஆனால் பொடி விழுந்த டயரை மனச்சாட்சியுள்ள எந்தக் கடைக்காரரும் ஒட்டித் தரமாட்டார். சூட்டில் வெந்த ரப்பர் எந்த நேரத்தில் கைவிடும் என்று சொல்ல முடியாது. ஒரு சிறிய ஆணியால் வந்த ஓட்டைதான்; சாதாரண டயராயிருந்து, காற்று முழுதாக இறங்குமுன் நிறுத்தியிருந்தால் உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட்டு அரை மணித்தியாலத்தில் அனுப்பியிருப்பார்கள்.

ரன்ஃபிளாட்டை ஒட்டவே கூடாதா என்று கேட்டால், அது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். அழுத்தம் குறைந்த நிலையில் ஓடாமல் உடனே நிறுத்தியிருந்தால், பூப்பகுதியின் நடுவில் விழுந்த சிறிய ஓட்டையைச் சிலர் அனுமதிக்கிறார்கள். ஆனால் காற்று இல்லாமலே ஓடலாம் என்றுதானே அந்த டயரை வாங்கினோம். அந்த வசதியை ஒரு தடவை பயன்படுத்தினால் டயர் போய்விடும் என்பதை விற்பனையின்போது யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இங்கே டொலர் கணக்கும் வருகிறது. ஒரே அளவில், ஒரே கம்பனியில், ரன்ஃபிளாட் சாதாரண டயரைவிடக் கணிசமாக விலை கூடியது. நமக்கு அது இறக்குமதியாகத்தான் வருகிறது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு, 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியதை மறக்க முடியாது. இத்தனைக்கும் ரப்பர் நமக்கு அந்நியமல்ல. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளைப் பேராதனைத் தோட்டத்தின் நிருவாகத்திலிருந்த ஹெனரத்கொடையில்தான் நட்டு வளர்த்தார்கள். ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அங்கிருந்தும் விதை போனது. இன்றும் களஞ்சியசாலைகளில் ஓடும் போர்க்லிஃப்ட் வண்டிகளுக்கான, காற்றே தேவைப்படாத திண்ம டயர் ஏற்றுமதியில் உலகில் முன்வரிசையில் நிற்கிறது இலங்கை. களனியில் காருக்கான ரேடியல் டயரும் செய்கிறார்கள். பி.எம்.டபிள்யூ. காரனுக்கு மட்டும் கப்பலைத்தான் பார்த்திருக்க வேண்டியிருக்கிறது.

கப்பலில் வருவதை விற்பதற்குக் கடைக்காரர் வைத்திருக்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். எப்போதாவது விலைபோகும் அளவு என்பதால் சில ரன்ஃபிளாட்டுகள் இறாக்கையிலேயே முதிர்ந்துவிடும். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பணம் கொடுக்குமுன் நாலு டயரிலும் குனிந்து இதைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நல்ல தொழில்நுட்பமும் பழுதுபார்க்க ஆளில்லாவிட்டால் தோற்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே உதாரணம் இருக்கிறது. மிஷலின் பாக்ஸ் என்ற பெயரில், ரிம்முக்குள் ஒரு தாங்கு வளையம் வைத்த வேறு வகை ரன்ஃபிளாட்டைக் கொண்டுவந்தது. 2005 அளவில் ஹொண்டா ஒடிசி வேனின் உயர் மாடலில் அது வந்தது. அதைக் கழற்றிப் பூட்டும் கருவி எல்லாக் கடைகளிலும் இல்லை. மாற்று டயரின் விலையும் எகிறியது. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த முறையே கைவிடப்பட்டது. அத்தனை கடைகள் உள்ள நாட்டிலேயே அந்த நிலை என்றால், தெல்தெனியாவிலும் கலஹாவிலும் டயர் வெடிக்கும் மனிதரின் நிலையை யோசிக்கலாம்.

இவ்வளவும் மாற்றுவதற்கான வாதம். ஆனால் மாற்றியவர்களில் பலர் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பெரும் கவலை தருகிறது. ரன்ஃபிளாட்டைக் கழற்றி, சாதாரண டயர் போட்டு, "கார் இப்போ மெத்தை மாதிரி" என்று சந்தோஷப்பட்டு, டிக்கியை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். அந்தக் காரில் ஸ்பேர் வீல் இல்லை, ஜெக் இல்லை, சில்லுச் சாவிகூட இல்லை. வைப்பதற்கான பள்ளமும் பல மாடல்களில் இல்லை. பிளக் இன் ஹைபிரிட் சிலவற்றில் அந்த இடத்தில் பற்றறி இருக்கும். ரன்ஃபிளாட் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கும் இது பொருந்தும். ஜப்பானிலிருந்து வந்த ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட் கார்கள் பலவற்றில் ஸ்பேர் வீலுக்குப் பதில் ஒரு போத்தல் பசையும் சிறிய காற்றுப் பம்பியும்தான் இருக்கின்றன. அந்தப் பசைக்கு ஆயுள் உண்டு. போத்தலில் திகதி போட்டிருக்கும். ஏலம் போய், கப்பலேறி, கைமாறி வந்த காரில் அது எந்த வருடத்துப் போத்தல் என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

பசை பூப்பகுதியில் விழுந்த ஆணி ஓட்டையை அடைக்கும். பக்கச்சுவர் கிழிசலை அடைக்காது. மலைநாட்டில் ஆளை நடுவீதியில் நிறுத்துவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். இந்தியாவில் 2020இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, காற்றழுத்தம் காட்டும் கருவியும் ஒட்டுக் கருவியும் இருந்தால் ஒன்பது இருக்கைக்கு மேற்படாத வாகனங்களுக்கு ஸ்பேர் வீல் கட்டாயமில்லை என்றார்கள். அகலமான நெடுஞ்சாலைக்கு அது சரியாக இருக்கலாம். ஹந்தானைச் சரிவுக்கும் ஹேவாஹெட்டை வீதிக்கும் அது சரிவராது என்பது என் எண்ணம். அதனால் அதே பி.சி.டி.யும் (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் அளவு) நடு ஓட்டையும் உள்ள, பிரேக்கில் முட்டாத ஒரு தற்காலிக மெல்லிய சில்லைத் தேடி வாங்கி, டிக்கியில் பட்டியால் இறுக்கிக் கட்டி வையுங்கள். பை வைக்கும் இடம் குறையும். குறையட்டும்.

அப்படியானால் கடுகண்ணாவை ஏற்றத்தின் அந்த முதல் மூன்று கிலோமீற்றருக்கு என்ன செய்வது? டயரில் ஏறும் ஆணி பெரும்பாலும் உடனே காற்றை விடாது. அதை அடைத்துக்கொண்டே இருந்து, மணிக்கணக்கில் கசியவிடும். காரின் அழுத்த எச்சரிக்கை ஒழுங்காக வேலை செய்தால், அது காட்டிய நேரத்தில் வேகத்தைக் குறைத்து அடுத்த கடை வரை போய்விடலாம். 12 வோல்ட் பம்பி ஒன்று இருந்தால் இன்னும் நிம்மதி. டாஷ்போர்டில் மாதக்கணக்கில் எரியும் மஞ்சள் வெளிச்சத்தைப் பழகிப்போனதென்று விடுகிறவர்கள்தான் மலையில் மாட்டிக்கொள்கிறார்கள். திடீரெனக் கிழியும் டயருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை மறைக்க மாட்டேன். அங்கே ரன்ஃபிளாட் நிச்சயமாக ஒரு படி மேல்.

அதனால்தான் சிலருக்கு மாற்றவே வேண்டாம் என்பேன். இரவு முறை முடிந்து பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகக் காரோட்டிப் போகும் பெண் வைத்தியர். மழையிலும் மூடுபனியிலும் புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குக் கிழமைதோறும் ஏறி இறங்குபவர். ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி இருட்டில் போக வேண்டியவர். முழங்கால் வலியோடு சில்லைத் தூக்க முடியாத ஓய்வூதியக்காரர். அதிவேக வீதியில் நூறில் ஓடுவதே பிழைப்பானவர். இவர்களுக்கு டயரின் கடினமும் விலையும் சிறு விஷயம். இறங்காமல் போய்ச் சேர்வதே பெரிது. காசு கொஞ்சம் கூடினாலும் அவர்கள் ரன்ஃபிளாட்டிலேயே இருக்கட்டும்.

மாற்றுவதாக முடிவெடுத்தால் நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். முன்னுக்கு ரன்ஃபிளாட், பின்னுக்குச் சாதாரணம் என்று கலப்பது, மழை பெய்த வளைவில் காரின் இரண்டு முனையும் இரண்டு விதமாக நடந்துகொள்ள வழி செய்யும். அளவோடு சுமை எண்ணையும் வேகக் குறியையும் ஒப்பிடுங்கள். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ. அளவு ஒன்றுதானே என்று குறைந்த எண்ணைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. பூட்டி முடித்ததும் அழுத்தக் கருவியை மறுபடி பழக்க வேண்டும். சில மாடல்கள் சில்லுச் சுற்றும் வேகத்தை வைத்தே காற்றிறக்கத்தைக் கண்டுபிடிப்பவை. ரீசெட் செய்யாவிட்டால் அவை பழைய டயரின் கணக்கிலேயே இருக்கும். முதல் சில நாட்களுக்கு ஸ்டியரிங் கொஞ்சம் இளகினதுபோல் தோன்றும். அது குறை அல்ல, பக்கச்சுவர் வளைந்து கொடுக்கிறது.

என்னைக் கேட்டால், கையில் கொஞ்சம் கூடப் பணம் இருப்பவர் ரிம்மையும் ஓர் அங்குலம் குறைப்பது நல்லது. 225/45 அளவில் 18 அங்குல ரிம் உள்ள காருக்கு, பிரேக் இடம் கொடுத்தால், 225/50 அளவில் 17 அங்குலம் போடலாம். சில்லின் மொத்த உயரம் ஏறத்தாழ மாறாது. பக்கச்சுவர் மட்டும் 101 மில்லிமீற்றரிலிருந்து 112க்கு வளரும். அந்த 11 மில்லிமீற்றர் கூடுதல் ரப்பர் கண்டி வீதியில் ரிம் வளைவதையும் பக்கம் வீங்குவதையும் குறைக்கும். பார்ப்பதற்குப் பழைய 18 அங்குலம்தான் எடுப்பு என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஸ்பேர் வீலை வாங்கி வைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு முற்றத்துத் தட்டையான தரையில், அதை ஒரு தடவை பூட்டிப் பாருங்கள். வீட்டில் காரோட்டும் மற்றவரும் பக்கத்தில் நிற்கட்டும். ஜெக் எந்த இடத்தில் முட்ட வேண்டும், அலோய் ரிம்மின் போல்ட் இந்தச் சில்லுக்கு நீளம் சரியா, பூட்டுப் போல்டின் சாவித் துண்டு காரில் இருக்கிறதா, இல்லை முந்திய உரிமையாளரோடு போய்விட்டதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தற்காலிகச் சில்லுக்குக் காற்று பொதுவாக 60 பி.எஸ்.ஐ.; மற்ற நாலையும்விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் பூட்டிக்கொண்டு 80க்கு மேல் ஓடக் கூடாது. காற்றடிக்கும் பையன் நாலு சில்லையும் பார்த்துவிட்டு எழும்பும்போது டிக்கியைத் திறந்து ஐந்தாவதையும் காட்டுங்கள்.